சிற்றிதழின் படைப்பு வாயிலுக்கு எடிட்டர் சேர்ப்பது: எதைத் தேர்வது, எதைச் சேமிப்பது?

திண்ணைவாசி | செவ்வாய், காலை 9.40

வணக்கம். நண்பர்கள் நடத்தும் ஒரு காலாண்டுச் சிற்றிதழுக்குப் படைப்புகளை இணையம் வழியாகப் பெறுவதற்கு ஒரு சிறிய செயலியை எழுதி வருகிறேன். சர்வரில் ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளமும், திரைப்பக்கத்தில் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகமும் உள்ளன. இதுவரை எழுத்தாளர்கள் வேர்டு கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். ஆசிரியர் குழுவில் ஒருவர் அதைத் திறந்து, எழுத்துருவை மாற்றி, பத்தி பிரித்து, வலைத்தளத்தில் ஏற்றுவார். ஓர் இதழுக்கு 40 படைப்புகள் வந்தால் அந்த வேலைக்கே ஒரு வாரம் போய்விடுகிறது. எழுத்தாளரே தலைப்பு, துணைத்தலைப்பு, தடித்த எழுத்து, மேற்கோள், இணைப்பு, படம் ஆகியவற்றை வைத்து எழுதி அனுப்பும்படி ஓர் எடிட்டரை, அதாவது எழுதித் திருத்தும் பெட்டியை, பொருத்த வேண்டும் என்பதே இப்போது என் பொறுப்பு.

முதலில் நானே ஒன்றைச் செய்து பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒரு டிவ்வுக்கு (பக்கத்தில் உள்ள ஒரு பெட்டிக்கு), அதற்குள் எழுத இடம் தரும் கன்டென்ட்எடிட்டபிள் பண்பைக் கொடுத்து, பொத்தான்களுக்கு உலாவியின் எக்செக்கமாண்ட் கட்டளைகளை இணைத்தேன். இரண்டு நாளில் முடிந்துவிட்டது. என் மடிக்கணினியில் அழகாக ஓடியது. பிறகு ஒரு கவிஞர் தம் கைப்பேசியில் 'வணக்கம்' என்று எழுத, திரையில் 'வணவணக்வணக்கம்' என்று வந்து நின்றது. எக்செக்கமாண்ட் கைவிடப்பட்ட ஒன்று என்று ஆவணங்களிலும் எழுதியிருக்கிறது. ஆகவே ஆயத்தமாகக் கிடைக்கும் எடிட்டர்களில் எதை எடுத்துக்கொள்ளலாம், அது தரும் உள்ளடக்கத்தைத் தரவுத்தளத்தில் எந்த வடிவில் வைக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


விரைவுத்தபால் | செவ்வாய், காலை 10.05

குவில் என்ற எடிட்டரைப் போடுங்கள். இலவசம், உரிமத் தொல்லை இல்லை, அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அது தரும் எச்டிஎம்எல்லை (வலைப்பக்கக் குறிமொழியை) அப்படியே ஒரு டெக்ஸ்ட் புலத்தில் சேமித்து, அப்படியே காட்டிவிடலாம். நான் மூன்று தளங்களில் இப்படித்தான் செய்திருக்கிறேன்.


மூன்றுசுழி | செவ்வாய், பிற்பகல் 1.20

விரைவுத்தபால் சொல்வதில் முதல் வாக்கியத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. 'அப்படியே சேமித்து, அப்படியே காட்டிவிடலாம்' என்பதோடுதான் சண்டை. திண்ணைவாசி, எந்த எடிட்டர் என்ற கேள்வியைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் இதழில் ஒரு படைப்புக்குள் என்னென்ன இருக்கலாம், என்னென்ன இருக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பத்தி இருக்கலாம், ஒரே ஓர் அளவில் துணைத்தலைப்பு இருக்கலாம், மேற்கோள், படம், படத்துக்கான குறிப்பு இருக்கலாம். எழுத்தின் நிறம், அளவு, எழுத்துரு ஆகியவை இருக்கலாமா? கூடாது என்றுதான் ஆசிரியர் குழு சொல்லும் என்று நினைக்கிறேன், ஏனெனில் அவற்றை நீக்குவதில்தானே அந்த ஒரு வாரம் கழிகிறது. அந்தத் தாளில் இருப்பதுதான் உங்கள் ஆவணத்தின் இலக்கணம். அதைப் பிடித்துக்கொண்டால் கருவிப்பட்டையில் எத்தனை பொத்தான்கள் என்பதும், வேர்டிலிருந்து ஒட்டும்போது எதை வடிகட்டுவது என்பதும், சர்வரில் எதை ஏற்பது என்பதும் தாமாகவே முடிவாகிவிடும். அதை விட்டுவிட்டுக் கருவிப்பட்டையிலிருந்து தொடங்குபவர்கள் ஆறு மாதம் கழித்து ஒரே பக்கத்தில் ஏழு வகை நீல நிறத்தைக் காண்பார்கள்.

கன்டென்ட்எடிட்டபிளின் கதை இந்த இடத்தில் பொருந்தும். 2000 இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 இல் அது தோன்றியது. மற்ற உலாவிகள் பின்னர் அதைத் தத்தம் வழியில் பின்பற்றின. என்டர் அழுத்தினால் ஓர் உலாவி பத்தியை இட்டது, இன்னொன்று டிவ்வை இட்டது, வேறொன்று வரிமுறிவை மட்டும் இட்டது. தடித்த எழுத்துக்கு ஒன்று பி குறியையும், மற்றொன்று ஸ்ட்ராங் குறியையும், வேறொன்று ஸ்டைல் பண்பையும் எழுதியது. கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவே தெரியும். சேமித்த சரத்தைத் திறந்து பார்த்தால்தான் ஊர்ச்சந்தை தெரியும். அதனால்தான் இப்போதைய எடிட்டர்கள் அந்த எச்டிஎம்எல்லை உண்மை என்று நம்புவதில்லை. ஆவணத்துக்குத் தனியாக ஒரு மாதிரியை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, திரையில் தெரிவதை அதன் நிழலாக மட்டுமே நடத்துகின்றன. குவில் அந்த மாதிரியை டெல்டா என்கிறது: செருகு, தக்கவை, நீக்கு என்ற மூன்று வகைச் செயல்களின் பட்டியல் அது. ப்ரோஸ்மிரர் என்ற எடிட்டர் அதைக் கிளை பிரியும் ஒரு மரமாக வைத்து, எந்தக் கணுவுக்குள் (பத்தி, படம் போன்ற ஓர் உறுப்புக்குள்) எந்தக் கணு வரலாம் என்பதை ஸ்கீமா என்ற பெயரில் உங்களையே எழுதச் சொல்கிறது. டிப்டாப் என்பது அதன் மேல் கட்டப்பட்டதுதான். மெட்டா நிறுவனம் 2022 இல் வெளியிட்ட லெக்சிகலும் தனக்கென ஒரு மரத்தை வைத்திருக்கிறது.

இலக்கணம் உங்களுடையது என்பதால் உங்களுக்கு டிப்டாப்பையோ நேரடியாக ப்ரோஸ்மிரரையோ பரிந்துரைப்பேன். சேமிப்பது அந்த மரத்தை உரையாக எழுதும் ஜேசன் வடிவமாக இருக்கட்டும். போஸ்ட்கிரஸில் அதற்கென ஜேசன்பி புலம் இருக்கிறது. எச்டிஎம்எல்லைச் சர்வரில் அதிலிருந்து உருவாக்கி, ஒரு நகலாக மட்டும் பக்கத்துப் புலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அச்சு இதழுக்கோ இ-பப் கோப்புக்கோ அதே மரத்திலிருந்து வேறு வடிவத்தை எடுக்கலாம்.

குவிலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் எடிட்டர் பகுதியில் தெரியும் எச்டிஎம்எல்லை எடுத்துச் சேமித்தால், புள்ளிப் பட்டியலும் எண் பட்டியலும் இரண்டுமே எண் பட்டியலுக்கான ஓஎல் குறிக்குள் இருக்கும். எது எது என்பது ஒரு டேட்டா பண்பில் மட்டும் எழுதப்பட்டிருக்கும். குவிலின் சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) இல்லாத பக்கத்தில் அதைக் காட்டினால் புள்ளிகள் எல்லாம் எண்களாகிவிடும். விரைவுத்தபாலின் மூன்று தளங்களிலும் பட்டியலே இல்லை போலும்.


விரைவுத்தபால் | செவ்வாய், பிற்பகல் 1.48

இருந்தது. வாடிக்கையாளர் இன்று வரை கேட்கவில்லை.


திண்ணைவாசி | செவ்வாய், மாலை 6.15

தாளில் எழுதி ஆசிரியர் குழுவுக்கும் காட்டினேன். நிறம், எழுத்துரு, அளவு மூன்றும் வேண்டாம் என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அட்டவணை பற்றி மட்டும் ஒரு மணி நேரம் விவாதம் நடந்து, அதுவும் வேண்டாம் என்று முடிந்தது. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. டைனிஎம்சிஇ, சிகேஎடிட்டர் ஆகியவை பல ஆண்டுகளாக இருப்பவை ஆயிற்றே, அவற்றை ஏன் யாரும் சொல்லவில்லை? அடுத்தது, ஜேசனாகச் சேமித்தால் பாதுகாப்புச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடும்தானே?


இரவுக்காவல் | செவ்வாய், இரவு 10.30

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அந்தத் 'தானே'யில்தான் ஆபத்து இருக்கிறது. தீராது. உங்கள் எடிட்டர் எவ்வளவு கண்டிப்பானதாக இருந்தாலும் அது பயனரின் உலாவியில் ஓடுகிறது. தீங்கு நினைப்பவர் உங்கள் எடிட்டரைத் திறக்கவே மாட்டார். உலாவியின் நெட்வொர்க் தாவலில், உங்கள் சர்வர் தரவை வாங்கும் ஏபிஐ முகவரியைப் பார்த்துக்கொண்டு, தாம் விரும்பிய ஜேசனை ஒரு கட்டளையில் நேரே அனுப்பிவிடுவார். அதில் ஓர் இணைப்புக் கணுவின் முகவரி 'ஜாவாஸ்கிரிப்ட்' என்று தொடங்கினால், நீங்கள் அதை அப்படியே எச்டிஎம்எல்லாக மாற்றிக் காட்டும் நொடியில், அதை அழுத்தும் ஆசிரியரின் அமர்வு (உள்நுழைந்த நிலை) அந்தத் தீங்கு நினைப்பவர் கைக்குப் போய்விடும். படைப்பு வாயிலில் இது இன்னும் மோசம்: வெளியாட்கள் எழுதுவதை, எல்லா அதிகாரமும் உள்ள ஆசிரியர்கள் நாள்தோறும் திறந்து படிக்கிறார்கள்.

2005 அக்டோபரில் மைஸ்பேஸில் நடந்ததை இளையவர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பயனர்கள் தங்கள் பக்கத்தில் எச்டிஎம்எல் எழுத அந்தத் தளம் இடம் கொடுத்திருந்தது. ஆபத்தான சொற்களைத் தேடி நீக்கும் வடிகட்டியும் வைத்திருந்தது. சேமி கம்கார் என்ற இளைஞர் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லை நடுவில் ஒரு வரிமுறிவால் இரண்டாக உடைத்து ஸ்டைல் பண்புக்குள் வைத்தார். வடிகட்டிக்கு அது வேறு சொல். அன்றைய உலாவிகள் சிலவற்றுக்கு அதே சொல். அவர் பக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அறியாமலே அவரை நண்பராகச் சேர்த்தார்கள். அவர்களுடைய பக்கத்திலும் அந்த நிரல் ஒட்டிக்கொண்டது. ஒரே நாளுக்குள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சிக்க, தளத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. கெட்டதைப் பட்டியலிட்டு நீக்கும் வழி எப்படித் தோற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நல்லதைப் பட்டியலிட்டு, மற்ற எல்லாவற்றையும் எறிந்துவிட வேண்டும்.

நீங்கள் தாளில் எழுதிய அந்த இலக்கணமே இங்கும் பயன்படும். சர்வரில் ஜேசனை வாங்கியதும் ஒவ்வொரு கணுவின் வகையும் பட்டியலில் உள்ளதா என்று சோதியுங்கள். இணைப்பின் முகவரி எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், மெயில்டு மூன்றில் ஒன்றாகத் தொடங்கவில்லை என்றால் ஏற்காதீர்கள். படத்தின் முகவரி உங்கள் சொந்தச் சேமிப்பகத்தில் இருந்து வந்ததாக இருக்கட்டும். அதிலிருந்து உண்டாக்கிய எச்டிஎம்எல்லையும் வெளியிடும் முன் ஒருமுறை வடிகட்டுங்கள். பைத்தானில் பலரும் பழக்கத்தால் ப்ளீச் என்ற வடிகட்டி நூலகத்தை எடுப்பார்கள். அதன் வளர்ச்சி முடிந்துவிட்டதாக 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டார்கள். இப்போது என்எச்3 நல்ல மாற்று. உலாவிப் பக்கத்தில் முன்னோட்டம் காட்டுவதென்றால் டோம்ப்யூரிஃபை.

டைனிஎம்சிஇ, சிகேஎடிட்டர் பற்றி: இரண்டும் முதிர்ச்சி பெற்றவை, வேர்டிலிருந்து ஒட்டுவதில் பல ஆண்டு அனுபவம் அவற்றுக்குள் இருக்கிறது. டைனிஎம்சிஇயின் 6 ஆம் பதிப்பு கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி உரிமத்தில் இருந்தது. 2024 இல் வந்த 7 ஆம் பதிப்பிலிருந்து, சேர்த்து வெளியிடும் நிரலையும் திறந்து வைக்கக் கேட்கும் ஜிபிஎல்லுக்கு மாறிவிட்டது. சிகேஎடிட்டர் 5 உம் ஜிபிஎல் அல்லது கட்டண உரிமம்தான். சிற்றிதழ் செயலியின் நிரலைத் திறந்து வைப்பதில் தடை இல்லை என்றால் உங்களுக்கு அது சிக்கலே இல்லை. நிறுவனங்களுக்கு எழுதுபவர்கள் மட்டும் வழக்கறிஞரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.


கல்வெட்டு | புதன், காலை 7.50

'வணவணக்வணக்கம்' பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். அது ஏன் நிகழ்ந்தது என்று தெரியாமல் எடிட்டரை மாற்றினால் புதிய எடிட்டரிலும் அதையே உண்டாக்கிவிடுவீர்கள்.

கைப்பேசி விசைப்பலகை ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக உலாவியிடம் ஒப்படைப்பதில்லை. சொல் முடியும் வரை அதைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு, அடியில் கோடிட்டுக் காட்டி, ஒவ்வொரு தட்டலுக்கும் மொத்தச் சொல்லையும் மாற்றி எழுதுகிறது. இந்தக் காலம் முழுவதும் ஆண்ட்ராய்டில் விசை அழுத்தத்தைச் சொல்லும் கீடவுன் நிகழ்வைக் கேட்டால் எந்த விசையானாலும் பெரும்பாலும் 229 என்ற எண்தான் வரும். உங்கள் ரியாக்ட் நிரல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எச்டிஎம்எல்லை எடுத்து ஸ்டேட்டில் (ரியாக்ட் வைத்திருக்கும் நிலைத்தரவில்) போட்டு, அதையே திரும்பவும் டிவ்வுக்குள் எழுதியிருக்கும் என்று ஊகிக்கிறேன். விசைப்பலகை பிடித்திருந்த உரையைக் கீழிருந்து உருவிவிட்டீர்கள். அதற்கு அது தெரியாமல் மொத்தச் சொல்லையும் மீண்டும் இறக்கிவிட்டது. எந்த எடிட்டராக இருந்தாலும் தொடக்கத்தில் ஒருமுறை உள்ளடக்கத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதனிடமிருந்து வாங்கிக்கொள்ள மட்டும் செய்யுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது திருப்பி ஊட்டாதீர்கள்.

மடிக்கணினியில் இந்தக் கோளாறு தெரியாமல் போனதற்குக் காரணம் நீங்கள் எந்த விசைப்பலகையில் சோதித்தீர்கள் என்பது. தமிழ்99 இல் சோதித்துப் பாருங்கள். அந்த அமைப்பில் 'பக்கம்' என்று எழுத க விசையை இருமுறை தட்டினால் போதும். முதல் ககரத்தின் மேல் புள்ளி தானாக ஏறும். அதாவது விசைப்பலகை மென்பொருள் தனக்கு முன்னால் நிற்கும் எழுத்தைப் பார்த்து, தேவை என்றால் நடுவில் புள்ளியைச் செருகுகிறது. எடிட்டர் அந்த நேரத்தில் எதையாவது மாற்றி வரைந்தால் மென்பொருள் இடம் தவறிப்போய் 'பககம்' என்று நிற்கும். என் சோதனைப் பட்டியலில் 'பக்கம்', 'தங்கம்', 'கொற்றவை' மூன்றும் எப்போதும் உண்டு.

'கொற்றவை' எதற்கு என்றால், கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரு விதமாக எழுதலாம். ககரமும் ஒகரக் குறியும் சேர்த்து இரண்டு குறியீடுகள். அல்லது ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்று. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. பின்நகர்த்து விசையை அழுத்தினால் முதலாவது 'க' ஆகும், இரண்டாவது 'கெ' ஆகும். தேடலில் ஒன்று மற்றொன்றைக் கண்டுகொள்ளாது. சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒழுங்கு வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பைத்தானில் அது ஒரு வரி. ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பையும் ளகரத்தையும் வைத்து 'கெளரவம்' என்று எழுதியிருந்தால் அதை எந்த வடிவமாற்றமும் திருத்தாது, ஏனெனில் அது குறியீட்டளவில் வேறு சொல். அதற்குத் தனியாக ஒரு சரிபார்ப்பு வைக்க வேண்டும்.


ஒற்றெழுத்து | புதன், காலை 11.10

நான் நிரல் எழுதுபவன் அல்லன். பதினான்கு ஆண்டுகளாக மெய்ப்புப் பார்ப்பவன். இப்படிப்பட்ட வாயில்களில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

மூத்த எழுத்தாளர்கள் பலர் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களான பாமினியிலோ வானவில்லிலோதான் எழுதுகிறார்கள். அவர்கள் கோப்பில் தமிழாகத் தெரிவது உண்மையில் ஆங்கில எழுத்துகளே. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகத்தைப் பூட்டுகிறது. உங்கள் எடிட்டர் ஒட்டும்போது எழுத்துருவை நீக்கும் என்றால் அந்த முகம் கழன்றுவிடும், எழுபது வயதுப் பெரியவர் தம் கதை ஆங்கிலக் குப்பையாகிவிட்டது என்று தொலைபேசியில் அழைப்பார். நீக்குவது சரிதான், நீக்கும் முன் அந்த எழுத்துருவின் பெயரைப் பார்த்து, யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பிறகு நீக்குங்கள்.

சாய்வெழுத்துப் பொத்தானை வைக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாய்வு வடிவமே கிடையாது. உலாவி நேரான எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடுகிறது. பார்ப்பதற்குக் காற்றில் சாய்ந்த வேலி போல இருக்கும். நூற்பெயர்களுக்கு ஒற்றை மேற்கோள்குறி போதும். தடித்த எழுத்துக்கும் எழுத்துருவின் தடித்த கோப்பைத் தனியாக ஏற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உலாவி தானே தடிமனாக்கும்போது ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன.

கவிதை பற்றி நீங்கள் யாருமே பேசவில்லை. கவிஞர் ஒவ்வோர் அடிக்கும் என்டர் அழுத்துவார். எடிட்டர் ஒவ்வோர் அடியையும் ஒரு பத்தியாக்கி, நடுவில் இடைவெளி விடும். அவர் அதைச் சரிசெய்ய முயன்று, முடியாமல், கடைசியில் கவிதையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.


விரைவுத்தபால் | புதன், காலை 11.40

ஷிஃப்ட் விசையோடு என்டர் அழுத்தச் சொல்லலாமே. இல்லாவிட்டால் எடிட்டரே வேண்டாம், வெறும் டெக்ஸ்ட்ஏரியாவும் மார்க்டவுனும் போதும். நட்சத்திரக்குறி இட்டால் தடித்த எழுத்து. இத்தனை தொல்லையும் இல்லை.


ஒற்றெழுத்து | புதன், நண்பகல் 12.05

கைப்பேசியில் ஷிஃப்டும் என்டரும் சேர்த்து அழுத்துவது எப்படி என்று அந்தக் கவிஞருக்கு நீங்களே வந்து சொல்லிக் கொடுங்கள். நட்சத்திரக்குறியை எங்கள் கட்டுரையாளர்கள் அடிக்குறிப்புக்கு இடுகிறார்கள்.


மூன்றுசுழி | புதன், பிற்பகல் 3.30

மார்க்டவுன் நிரலாளர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் இடத்தில் மிகச் சிறப்பாகப் பொருந்தும். இங்கே பொருந்தாது என்பதை ஒற்றெழுத்து ஐயாவே சொல்லிவிட்டார்.

கவிதைக்கு நான் ஒருமுறை தவறான வழியில் போயிருக்கிறேன். கவிதை என்று ஒரு கணுவை உண்டாக்கி, அதற்குள் என்டர் அழுத்தினால் வரிமுறிவு வரும்படி செய்தேன். எழுதும்போது நன்றாக இருந்தது. வெளியிட்ட பிறகு, நீண்ட அடிகள் கைப்பேசித் திரையில் மடிந்து அடுத்த வரிக்கு வந்தபோது, எது புதிய அடி, எது மடிந்த மீதி என்று தெரியவில்லை. அச்சில் செய்வது போல மடிந்த பகுதியைச் சற்று உள்ளே தள்ளலாம் என்று பார்த்தால், சிஎஸ்எஸ்ஸின் உள்தள்ளல் ஒரு பெட்டியின் முதல் வரியைத்தான் கணக்கில் கொள்கிறது. வரிமுறிவுக்குப் பின் வரும் அடிகளுக்கு அது பொதுவாகச் செல்வதில்லை.

பிறகுதான் உறைத்தது. யாப்பில் நமக்கு ஏற்கெனவே அந்த அடுக்கு இருக்கிறதே! கவிதைக்குள் கண்ணிகள், கண்ணிக்குள் அடிகள் என்று மூன்று கணுக்களாக ஸ்கீமாவை எழுதினேன். என்டர் அழுத்தினால் அடி இரண்டாகப் பிரியும். வெற்று அடியில் மீண்டும் என்டர் அழுத்தினால் புதிய கண்ணி தொடங்கும். வெற்றுக் கண்ணியில் அழுத்தினால் கவிதையை விட்டு வெளியே வரும். ஒவ்வோர் அடியும் தனிப் பெட்டி ஆகிவிட்டதால் மடிந்த பகுதி ஒழுங்காக உள்ளே தள்ளி நிற்கிறது. ப்ரோஸ்மிரரில் இதற்கு விசைக்கட்டளை உட்பட ஏறத்தாழ நூறு வரி ஆயிற்று. ஆயத்த எடிட்டரின் பொத்தான்களை நம்பியிருந்தால் இதைச் செய்திருக்கவே முடியாது.

ஒட்டுதலில் இரண்டு கண்ணிவெடிகளையும் சொல்லிவிடுகிறேன். கூகுள் டாக்ஸிலிருந்து நகலெடுத்தால் மொத்த உள்ளடக்கத்தையும் ஒரு பி குறி சுற்றியிருக்கும், அதன் ஸ்டைலில் தடிமன் சாதாரணம் என்று எழுதியிருக்கும். ஸ்டைலை நீக்கிவிட்டுக் குறியை மட்டும் வைத்திருந்தால் கட்டுரை முழுவதும் தடித்த எழுத்தில் வந்து விழும். வேர்டின் பட்டியல்களோ பட்டியலாகவே வருவதில்லை. புள்ளியை எழுத்தாக முன்னால் வைத்துக்கொண்ட சாதாரணப் பத்திகளாக வரும். இவற்றையெல்லாம் ஒட்டிய எச்டிஎம்எல் ஸ்கீமாவுக்குப் போகும் முன்பே பிடிக்க வேண்டும்.


திண்ணைவாசி | புதன், இரவு 9.00

டிப்டாப்பில் தொடங்கிவிட்டேன். அது பொத்தான்களைத் தருவதில்லை, நாமே வரைந்துகொள்ள வேண்டும் என்பதால் முதல் நாளே ஒரு விபத்து. தடித்த எழுத்துப் பொத்தானை அழுத்தினால் பாதி எழுதிய கதை ஆசிரியருக்குப் போய்ச் சேர்ந்தது. படிவத்துக்குள் இருக்கும் பொத்தானுக்கு வகை குறிக்காவிட்டால் அது அனுப்பும் பொத்தானாகவே நடந்துகொள்ளும் என்பதை மறந்திருக்கிறேன்.

இன்னொன்று: ஒருவர் தம் கைப்பேசிப் படத்தை ஒட்டினார், சேமிக்கும்போது சர்வர் 400 என்று மறுத்தது.


இரவுக்காவல் | புதன், இரவு 9.25

படம் பேஸ்64 உரையாக ஆவணத்துக்குள்ளேயே புகுந்திருக்கும். 3 எம்பி படம் அப்படி மாறும்போது 4 எம்பி ஆகும். ஜாங்கோ கோரிக்கையின் உடலுக்கு இயல்பாக விடும் அளவு 2.5 எம்பி. அந்த எண்ணை உயர்த்துவது தீர்வு அல்ல. ஒட்டும் நிகழ்வைப் பிடித்து, படத்தைத் தனியாகச் சர்வருக்கு ஏற்றி, திரும்பி வரும் முகவரியைக் கணுவில் வையுங்கள். முன்பு சொன்ன 'படத்தின் முகவரி உங்கள் சேமிப்பகத்தில் இருந்து' என்ற சோதனை இருந்தால் பேஸ்64 படம் சர்வரைத் தாண்டாது.


கல்வெட்டு | வியாழன், காலை 8.15

படைப்பாளர் குறிப்புக்கு 300 எழுத்து என்று வரம்பு வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எதை எண்ணுகிறீர்கள்? 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த்துக்கு ஐந்து. யூடிஎஃப்-8 இல் 15 பைட். உரையை எழுத்தாகப் பிரிக்கும் இன்டிஎல் செக்மென்டரைக் கொண்டு எண்ணினால் மூன்று என்றே சொல்லும், 'க்ஷ'வை மட்டும் இரண்டாக எண்ணும். பயர்பாக்ஸில் அது 125 ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

பைட் கணக்கில் நான் பட்ட அடி இது. ஒரு பழைய தளத்தில் மைஎஸ்க்யூஎல்லின் டெக்ஸ்ட் புலத்தில் எச்டிஎம்எல்லைச் சேமித்தேன். அதன் எல்லை 65,535 பைட். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட் வீதம் 21,845 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும், குறிச்சொற்கள் வேறு இடத்தைத் தின்னும். கண்டிப்பு முறை அணைக்கப்பட்டிருந்ததால் பிழை எதுவும் வரவில்லை. நீண்ட கட்டுரை ஒன்றின் கடைசிப் பகுதி காணாமல் போய், மூடாத மேற்கோள் குறி ஒன்று பக்கத்தின் அடிப்பகுதி முழுவதையும் தன்னுள் இழுத்துக்கொண்டது. போஸ்ட்கிரஸில் உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் ஜாங்கோவில் வேறு ஒன்று இருக்கிறது. தலைப்பிலிருந்து முகவரி உண்டாக்க ஜாங்கோ தரும் ஸ்லக்கிஃபை என்ற செயற்கூற்றை யூனிகோடு அனுமதியோடு பயன்படுத்தினாலும், பைத்தானின் சொல்லெழுத்துக் கணக்கில் உயிர்க்குறிகளும் புள்ளியும் சேர்வதில்லை. 'தமிழ்' என்ற தலைப்பு 'தமழ' என்று முகவரியில் நிற்கும். சொந்தமாக ஒரு சிறிய செயற்கூறு எழுதிக்கொள்ளுங்கள்.


திண்ணைவாசி | அடுத்த ஞாயிறு, மாலை 5.30

ஒன்பது நாள் சோதனை முடிந்து நிலையைத் தெரிவிக்கிறேன். கருவிப்பட்டையில் ஆறு பொத்தான்கள் இருக்கின்றன: தடித்த எழுத்து, துணைத்தலைப்பு, மேற்கோள், இணைப்பு, படம், கவிதை. சாய்வெழுத்து இல்லை, கேட்டவர் ஒரே ஒருவர், அவரும் ஆங்கிலப் பேராசிரியர். அடி, கண்ணி, கவிதை என்ற பெயர்களை ஸ்கீமாவிலும் அப்படியே வைத்துக்கொண்டேன், ஆசிரியர் குழுவோடு பேச எளிதாக இருக்கிறது. சேமிக்கும் முன் என்எஃப்சி. சர்வரில் கணுச் சோதனை. வெளியிடும் எச்டிஎம்எல்லுக்கு என்எச்3. பாமினிக்கு மட்டும் யூனிகோடு மாற்றி ஒன்றை எழுதியிருக்கிறேன், எழுத்துருவின் பெயரை ஒட்டிய எச்டிஎம்எல்லில் தேடி. வானவில்லில் எழுதுபவர் இன்னும் யாரும் வரவில்லை.

'வணக்கம்' வணக்கமாகவே வருகிறது. கல்வெட்டு ஊகித்தது அப்படியே சரி. ஸ்டேட்டிலிருந்து திருப்பி எழுதிய அந்த ஒரு வரிதான் காரணம்.

ஒரு சிக்கல் மட்டும் நிற்கிறது. கவிதைக்குள் அடியின் தொடக்கத்தில் நின்று பின்நகர்த்து விசையை அழுத்தினால் முந்தைய அடியோடு சேர்கிறது, அது சரி. கண்ணியின் முதல் அடியில் நின்று அழுத்தினால் இரண்டு கண்ணிகளும் சேர வேண்டும், ஒன்றும் நடப்பதில்லை.


மூன்றுசுழி | அடுத்த ஞாயிறு, மாலை 6.10

கண்ணி கணுவின் வரையறையில் ஐசொலேட்டிங் என்ற பண்பை உண்மை என்று வைத்திருக்கிறீர்களா? எடுத்துக்காட்டு நிரலிலிருந்து ஒட்டியிருந்தால் அது கூடவே வந்திருக்கும். அது இருந்தால் கணுவின் எல்லையைத் தாண்டிப் பின்நகர்த்தல் செல்லாது. எடுத்துவிட்டுப் பாருங்கள்.


திண்ணைவாசி | அடுத்த ஞாயிறு, மாலை 6.22

அதேதான். கண்ணிகள் சேர்ந்துவிட்டன. ஒற்றெழுத்து ஐயா, வாயிலின் முகவரியைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் கவிஞரையும் அழைத்து வாருங்கள்.